திருவிதாங்கூரின் முதல் பெண் அமைச்சர் ஆனி மஸ்கரீன்

திருவிதாங்கூர் நாட்டில் வழக்கறிஞர் அங்கி அணிந்த பெண்டிரைக் குறித்துப் பேச்செழுந்தால் முதற்கண் நினைவுக்கு வருபவர் அன்னா சாண்டி அம்மையாரே. 1937இல் முன்சீப்பாக அமர்த்தப்பட்டு, 1948இல் மாவட்ட நீதிபதியாகி, 1959இல் கேரள உயர்நீதிமன்றம் ஏறிய பெருமாட்டி அவர். அவரை நீதிபதி இருக்கையில் அமர்த்தியது திவான் சர் சி.பி. இராமசாமி ஐயரின் ஆட்சி. அதே ஆட்சி, அதே நகரில் சட்டம் பயின்ற மற்றொரு பெண்மணியைச் சிறைக்குள் தள்ளியது. அவரே ஆனி மஸ்கரீன். பெண் கல்வியைப் போற்றிய அரசு, கற்ற பெண் எதிர்த்துப் பேசியபோது மட்டும் அதைப் பொறுத்துக்கொள்ளவில்லை என்பதை இவ்விருவர் வாழ்வையும் அருகருகே வைத்துப் பார்க்கையில் நாம் உணர்கிறோம். ஆண்டுதோறும் நம் வகுப்பறைகளிலிருந்து பட்டம் பெற்று வெளியேறும் மாணவியர் அன்னா சாண்டியை ஓரளவு அறிவர். ஆனி மஸ்கரீனை அறிந்தவர் அரியர். ஆகவே இவரைப் பற்றி எழுத முற்பட்டோம்.

1902ஆம் ஆண்டு ஜூன் 6ஆம் நாள் திருவனந்தபுரத்தில் இலத்தீன் கத்தோலிக்கக் குடும்பம் ஒன்றில் அம்மையார் பிறந்தார். தந்தையார் கேப்ரியல் மஸ்கரீன், திருவிதாங்கூர் அரசின் அலுவலர். மகாராஜா கல்லூரியில் வரலாறும் பொருளியலும் பயின்று 1925இல் முதுகலைப் பட்டம் பெற்ற பின்னர், இலங்கை சென்று விரிவுரையாளராகச் சில காலம் பணிபுரிந்தார். ஆசிரியத் தொழிலிலேயே அவர் நிலைத்திருப்பின் எவரும் குறை கூறியிரார். அன்று கற்ற பெண்ணுக்கு உரியதென உலகம் ஒதுக்கி வைத்த தொழில் அதுவே. ஆயினும் தாயகம் திரும்பிச் சட்டக் கல்வியை மேற்கொண்டார். வரலாறு, பொருளியல், சட்டம் ஆகிய மூன்றும் பின்னாளில் அவர் மேடையேறியபோது ஒருங்கே துணை நின்றன.

அன்றைய திருவிதாங்கூரின் நிலையைச் சற்றே விரித்துரைத்தல் வேண்டும். இல்லையேல் அவர் எதனை எதிர்த்தார் என்பது விளங்காது. சட்டமன்றம் ஒன்று இருந்தது. ஆனால் வாக்குரிமை சொத்தும் வரியும் உடையோர்க்கே கிட்டியது. ஈழவர், கிறித்தவர், இசுலாமியர் ஆகியோர் மக்கள்தொகையில் பெரும் பகுதியினராக இருந்தும் சட்டமன்றத்திலும் அரசுப் பணிகளிலும் அவர்களுக்குரிய பங்கு கிட்டவில்லை. இம்மூன்று சமூகத்தாரும் 1932 தொடங்கி ஒன்றிணைந்து நடத்திய கிளர்ச்சியே நிவர்த்தனப் போராட்டம் எனப்படும். சி. கேசவன், டி.எம். வர்க்கீஸ், பி.கே. குஞ்ஞு ஆகியோர் முறையே அம்மூன்று சமூகங்களிலிருந்தும் எழுந்து தோளோடு தோள் நின்றனர். சிறுபான்மையோர் தத்தம் குறைகளைத் தனித்தனியே முறையிடாது ஒரே குரலாக எழுப்பிய அந்நிகழ்ச்சி தென்னாட்டு வரலாற்றில் போதிய இடம் பெறவில்லை என்பது நம் கருத்து. அக்கிளர்ச்சியின் வழித்தோன்றலாகவே 1938 பிப்ரவரியில் பட்டம் தாணுப்பிள்ளையின் தலைமையில் திருவிதாங்கூர் ஸ்டேட் காங்கிரஸ் உருவாயிற்று. மன்னர் குடைக்கீழ் மக்களுக்குப் பொறுப்பான ஆட்சி வேண்டும் என்பது அதன் கோரிக்கை. ஆனி மஸ்கரீன் அவ்வாண்டே அதிற் சேர்ந்து, செயற்குழுவிலும் இடம் பெற்றார்.

அவ்வாண்டு கொந்தளிப்பு மிக்க ஆண்டு. குயிலோன் வங்கி வீழ்த்தப்பட்டது. மலையாள மனோரமா நாளிதழ் முடக்கப்பட்டது. ஊர்தோறும் துப்பாக்கிச் சூடும் தடியடியும் நிகழ்ந்தன. அக்டோபர் 23ஆம் நாள் அக்கம்மா செறியான் தலைமையில் மக்கள் வெள்ளம் கவடியார் அரண்மனை நோக்கிச் சென்றது. அக்கம்மா ஊர்வலத்தின் முன்னணியில் நின்றார் எனில், ஆனி மஸ்கரீன் மேடைகளை ஆண்டார். அவரது பேச்சில் திவானுக்கு எவ்வித மரியாதையும் மிஞ்சவில்லை. விளைவு, அவர் இல்லம் தாக்கப்பட்டது, உடைமைகள் சூறையாடப்பட்டன. 1939க்கும் 1947க்கும் இடையே பன்முறை சிறை புகுந்தார்.

பம்பாய் சென்று திருவிதாங்கூர் ஆட்சியை அவர் கடுமையாகத் தாக்கிப் பேசியதும் இக்காலத்திலேதான். அச்சொற்பொழிவு காந்தியடிகளின் காதுக்கு எட்டியது. நாவை அடக்கும் ஆற்றல் அவரிடம் இல்லை என்றும், மேடையில் எழுந்து நின்றால் மனத்தில் தோன்றியதையெல்லாம் கொட்டிவிடுகிறார் என்றும் அடிகள் அவருக்கே கடிதம் எழுதிக் கண்டித்தார். மன்னரிடம் பரிந்து பேசிக் காரியம் முடிக்க முயன்ற அடிகளுக்கு அந்நா இடையூறாக இருந்தது இயல்பே. வள்ளுவர் அடக்கமுடைமைக்கு ஓர் அதிகாரம் வகுத்தார். சொல்வன்மைக்கும் ஓர் அதிகாரம் வகுத்தார். இரண்டாவதை அமைச்சர்க்குரிய பண்பாக அங்கவியலில் வைத்ததையும் நாம் மறத்தலாகாது. அடிகளின் கண்டிப்பு நியாயமானதே எனினும், வாய் திறந்தால் வீடு சூறையாடப்படும் என்று அறிந்தும் பேசிய ஒரு பெண்ணுக்கு அடக்கம் போதித்தல் எளிது. அவ்விடத்தில் நின்று பேசுதல் அரிது. இவ்வகையில் நம் சார்பு அம்மையாரின் பக்கமே.

1947 ஜூனில் திவான் திருவிதாங்கூரைத் தனிநாடாக அறிவிக்க முனைந்ததும், ஜூலை 25ஆம் நாள் தாக்குண்டு நாட்டை விட்டகன்றதும், சமஸ்தானம் இந்தியாவுடன் இணைந்ததும் பலரும் அறிந்தவை. 1948 பிப்ரவரியில் வயது வந்தோர் அனைவர்க்கும் வாக்குரிமை என்னும் அடிப்படையில் அங்குத் தேர்தல் நடந்தது. இந்தியா முழுமைக்குமான முதற் பொதுத் தேர்தலுக்கு ஏறத்தாழ நான்காண்டுகள் முன்னரே நடந்த தேர்தல் அது. அதில் ஆனி மஸ்கரீன் வென்றார். திருவிதாங்கூரின் சார்பில் இந்திய அரசியல் நிர்ணய சபைக்கும் அனுப்பப்பட்டு, அங்கு அமர்ந்த 15 பெண்டிருள் ஒருவரானார். நடுவணரசு வலுவுடன் இருக்கவேண்டும் என்பதை ஏற்ற அவர், அதிகாரம் அனைத்தும் ஓரிடத்தே குவிந்துவிடலாகாது என்பதிலும் கருத்தூன்றினார். ஒற்றை மனிதர் கையில் ஆட்சி குவிந்ததன் கொடுமையைச் சிறையிலிருந்து கண்டவர்க்கு அஃது ஏட்டறிவு மட்டுமன்று.

பட்டம் தாணுப்பிள்ளையின் முதல் அமைச்சரவை உட்பூசலால் 1948 அக்டோபரில் கவிழ்ந்தது, பரவூர் டி.கே. நாராயண பிள்ளை பொறுப்பேற்றார். 1949இல் ஆனி மஸ்கரீன் அவ்வமைச்சரவையிற் சேர்க்கப்பட்டார். அந்நாட்டின் முதல் பெண் அமைச்சர் அவரே. ஒப்படைக்கப்பட்ட துறைகள் இரண்டு: சுகாதாரம், மின்சாரம்.

சுகாதாரத் துறை பெண்ணுக்குக் கிட்டியதில் வியப்பில்லை. 1937இல் ஐக்கிய மாகாணத்தில் விஜயலட்சுமி பண்டிட்டுக்கும், 1946இல் சென்னை மாகாணத்தில் பிரகாசம் அமைச்சரவையில் ருக்மிணி இலட்சுமிபதிக்கும், 1947இல் நடுவணரசில் ராஜகுமாரி அம்ரித் கௌருக்கும் அத்துறையே அளிக்கப்பட்டது. நோயாளியைப் பேணுதல் மகளிர் கடமை என்னும் வீட்டு வழக்கம் அமைச்சரவைக்குள்ளும் புகுந்துவிட்டது போலும்! திருவிதாங்கூரில் இதற்கு வேறொரு முன்மாதிரியும் உண்டு. டாக்டர் மேரி புன்னன் லூக்கோஸ் அம்மையார் 1938இலேயே அந்நாட்டு மருத்துவத் துறையின் தலைமைப் பதவியை வகித்தார். நாகர்கோவிலில் காசநோய் மருத்துவமனை அமைய அவரே காரணர்.

மின்சாரத் துறையோ வேறு வகையானது. பொறியாளரும் ஒப்பந்தக்காரருமாகிய ஆடவர் உலகம் அது. 1940இல் இயங்கத் தொடங்கிய பள்ளிவாசல் நீர்மின் நிலையமே அந்நாட்டின் முதல் பெருமின் நிலையம். அடுத்து வரவிருந்த செங்குளம் திட்டம் 1954இல்தான் நிறைவெய்தியது. ஆலைகளும் நகரங்களும் மின்சாரம் கேட்டு நின்ற காலத்தில், ஒரு நிலையம் முதிர்ந்தும் மறு நிலையம் பிறவாதும் இருந்த இடைவெளியில் அத்துறை அம்மையார் கையில் வந்தது.

அதற்கு மேலும் ஒரு சுமை. 1949 ஜூலை முதல் நாள் திருவிதாங்கூரும் கொச்சியும் ஒன்றாயின. தலைநகர் திருவனந்தபுரம், உயர்நீதிமன்றம் எர்ணாகுளம் என்று உடன்பாடு கண்டனர். இரு நாட்டுத் துறைகளையும், அலுவலர் வரிசைகளையும், சட்டங்களையும் பிணைத்து ஒன்றாக்கும் பணி ஒவ்வோர் அமைச்சர்க்கும் வாய்த்தது. புதியன தொடங்கிப் புகழ் தேடுவதற்கு உரிய காலமன்று அது. இன்றைய குமரி மாவட்டமும் அன்று அவ்வாட்சியின்கீழ்தான் இருந்தது. தோவாளை, அகத்தீசுவரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு தாலுக்காக்கள் 1956 நவம்பர் முதல் நாள்தான் தமிழகத்தோடு இணைந்தன. ஆகவே நாகர்கோவிலில் வாழ்ந்த தமிழர்க்கும் இவர் சிலகாலம் சுகாதார அமைச்சராக விளங்கினார் என்பது நம்மவர் பலரும் நினைத்துப் பாராத செய்தி.

அமைச்சர் பதவி ஈராண்டும் நீடிக்கவில்லை. கோஷ்டிச் சண்டையில் திளைத்த கட்சிக்கு எவரிடமும் தலைவணங்காத ஒருவர் ஒத்துவரவில்லை. கட்சியும் அவருக்கு ஒத்துவரவில்லை. முதற் பொதுத் தேர்தலில் திருவனந்தபுரம் நாடாளுமன்றத் தொகுதியில் சுயேச்சையாக நின்றார். எந்தக் கட்சிக்காகச் சிறை சென்றாரோ அந்தக் கட்சியின் வேட்பாளரையே தோற்கடித்தார். இன்றைய கேரளப் பகுதியிலிருந்து மக்களவைக்குச் சென்ற முதல் பெண் உறுப்பினர் என்னும் சிறப்பு இவ்வாறு அவருக்கு வாய்த்தது. கட்சியின் கொடியும் பணமும் இன்றி, பெரும்பான்மைச் சமூகத்தைச் சாராத ஒரு பெண், தம் பெயரை மட்டுமே முன்வைத்து வென்ற அவ்வெற்றியை அமைச்சர் பதவியினும் பெரிதென நாம் மதிக்கிறோம்.

1957இல் காற்று திரும்பியது. அதே தொகுதியில் அவர் நான்காம் இடத்துக்குத் தள்ளப்பட்டார். பட்டம் தாணுப்பிள்ளையும் அத்தேர்தலில் அங்கே தோற்றார், எஸ். ஈசுவர ஐயர் என்னும் சுயேச்சை வென்றார். அதன்பின் அம்மையார் பொதுவாழ்வில் ஓங்கி ஒலிக்கவில்லை. 1963ஆம் ஆண்டு ஜூலை 19ஆம் நாள், தம் 61ஆம் அகவையில் மறைந்தார். அரை நூற்றாண்டு கழிந்து, 2013இல், திருவனந்தபுரம் வழுதக்காட்டில் எழுப்பப்பட்ட அவரது வெண்கலச் சிலையை அந்நாளைய குடியரசுத் துணைத்தலைவர் ஹமீது அன்சாரி திறந்து வைத்தார்.