குளக்கரையில் சனீஸ்வரன்

இராமநாதபுரம் கடற்கரையில் உப்பூர் என்று ஓர் ஊர். அங்குள்ள பிள்ளையாருக்கு வெயிலுகந்த விநாயகர் என்று பெயர். சூரிய ஒளி அவர் மேனியில் படும்படி கோயில் அமைந்திருக்கிறது. பகலில் சாமிக்கு வெயில். இரவில், திருவிழா வந்தால், நாடக மேடைக்கு விளக்கு! இந்தச் சீமைத் திருவிழாக்களில் விடிய விடிய வள்ளி திருமணம் நாடகம் நடப்பது இன்றும் உண்டு. அந்த நாடகத்தைத் தந்தவர் சங்கரதாஸ் சுவாமிகள்.

சுவாமிகள் 1867-ம் ஆண்டு தூத்துக்குடியை அடுத்த காட்டுநாயக்கன்பட்டியில் பிறந்தார். தகப்பனாரிடமும், பிறகு பழனி தண்டபாணி சுவாமிகளிடமும் தமிழ் படித்தார். தூத்துக்குடி உப்புப் பண்டகசாலையில் கணக்கு எழுதினார். உப்புக் கணக்கில் மனம் ஒட்டவில்லை. 24-வது வயதில் நாடகத்துக்கு வந்துவிட்டார்.

அப்போது மேடைக்கு மின்சாரம் ஏது? எண்ணெய் விளக்கும் தீவட்டியும்தான். கியாஸ் லைட் பிறகு வந்தது. இன்று ஒரு விசையைத் தட்டினால் மேடை இருண்டு, கதாநாயகி முகத்தில் மட்டும் ஒளி வட்டம் விழுகிறது. நீல விளக்குப் போட்டால் நள்ளிரவு. சிவப்பு விளக்குப் போட்டால் போர்க்களம். அன்றைய விளக்குக்கு ஒருவரை மட்டும் பொறுக்கிக் காட்டத் தெரியாது. ராஜா மேலும் விழும், சேவகன் மேலும் விழும்.

ஆனால் கீழேயிருந்து வரும் வெளிச்சம் பொல்லாதது. வெயிலும் நிலவும் மேலிருந்து விழுவதே நம் கண்ணுக்குப் பழக்கம். கைவிளக்கை மோவாய்க்குக் கீழே பிடித்துக் கண்ணாடியில் பாருங்கள். கண்குழி கறுக்கும். மூக்கின் நிழல் மேலே ஏறும். சொந்த முகமே பயமுறுத்தும்!

சுவாமிகள் ஏற்றவையோ இரணியன், இராவணன், எமன் போன்ற வேடங்கள். சாவித்திரி நாடகத்தில் அவர் எமனாக வந்து பாசக்கயிற்றை வீசியபோது, கூட்டத்திலிருந்த கர்ப்பிணி ஒருத்திக்குக் கரு கலைந்ததாகச் சொல்வார்கள்.

பின்னொரு நாள் நளதமயந்தி நாடகம். சுவாமிகள் சனீஸ்வரன். உடம்பெல்லாம் கறுப்புப் பூச்சு. நாடகம் முடியும்போது விடியற்காலை. விளக்குக்காக எழுதிய முகம் அது. அதைக் கலைக்காமலே குளத்துக்குப் போனார். பாதி இருட்டு. மேடையில்லை, திரையில்லை, இது நாடகம் என்று சொல்ல விளக்கும் இல்லை. துணி வெளுக்க வந்த ஒரு பெண் நிமிர்ந்து பார்த்தாள். அலறி விழுந்தாள். உயிர் போய்விட்டது.

சுவாமிகளின் வரலாற்றைச் சொல்பவர்கள் இதைத் தவறாமல் சொல்கிறார்கள். அதன்பின் அவர் வேஷம் கட்டவில்லை.

நடிப்பை விட்டார், நாடகத்தை விடவில்லை. ஆசிரியரானார். நாற்பதுக்கும் மேற்பட்ட நாடகங்கள் எழுதினார். அபிமன்யு சுந்தரியை ஒரே இரவில் எழுதி முடித்தாராம்! அவர் நாடகங்களில் பாட்டுக்குக் குறைவில்லை. ராஜபார்ட் திரைக்குள் இருந்தபடியே பாட்டெடுப்பார். ஆள் வருமுன்னே ஆயிரம் கண்கள் அந்தப் பக்கம் திரும்பிவிடும். விளக்கு செய்ய முடியாத வேலையைப் பாட்டு செய்தது.

1918-ல் மதுரையில் சிறுவர்களைக் கொண்ட நாடக சபையைத் தொடங்கினார். டி. கே. எஸ். சகோதரர்கள் அங்கே அவரிடம் பாடம் கேட்ட பிள்ளைகள்தாம். கடைசியில் பக்கவாதம் வந்தது. கை கால் முடங்கின. பேச்சும் போயிற்று. பாட்டுச் சொல்லிக் கொடுத்த வாத்தியார் பேசாமல் உட்கார்ந்திருந்தார். அப்போதும் பிள்ளைகளை விட்டுப் பிரியவில்லை. ஊர் ஊராக அவர்களோடேயே போனார். 1922 நவம்பர் 13-ந் தேதி, சபை புதுச்சேரியில் முகாமிட்டிருந்தபோது, அங்கேயே காலமானார்.