தமிழில் டாக்டர்களை உருவாக்கிய அமெரிக்கர்… யார் இந்த சாமுவேல் கிரீன்?

ராஜபாளையத்துலயோ ஸ்ரீவில்லிபுத்தூர்லயோ ஒரு லேபுல ரத்தம் கொடுத்துட்டு வந்தா, ரிப்போர்ட் உங்க வாட்ஸ்அப்புக்கே வந்துடும். கிரியாட்டினின், பிலிருபின்னு வரிசையா இருக்கும். இது என்னன்னு அம்மா கேட்டா, பதில் சொல்ல வார்த்தை தேடுவீங்க. மருத்துவத் தகவல் கைக்கு வந்துடுச்சு, புரியுற மொழியில வரலை. இந்தச் சிக்கலை 19-ம் நூற்றாண்டுலயே கையில் எடுத்தவர், டாக்டர் சாமுவேல் ஃபிஸ்க் கிரீன்.

1822-ல் அமெரிக்காவின் வூஸ்டர் நகரில் பிறந்தவர். நியூயார்க்கின் சென்ட்ரல் பார்க் உருவானதில் பெரும்பங்கு வகித்த ஆண்ட்ரூ ஹாஸ்வெல் கிரீன் இவரோட அண்ணன். தம்பியோ மருத்துவம் படிச்சுட்டு, 1847-ல் மிஷனரி மருத்துவரா யாழ்ப்பாணத்துல வந்து இறங்கினார். அடுத்த வருஷமே மானிப்பாயில் சிகிச்சையோடு சேர்த்து, உள்ளூர் இளைஞர்களுக்கு மருத்துவ வகுப்பையும் ஆரம்பிச்சார்.

முதல்ல பாடம் ஆங்கிலத்துலதான். ஆனா, ஆங்கிலத்துல படிச்சவங்க அரசு வேலைக்குப் போயிட்டா, கிராமத்துல வைத்தியம் பார்க்க யார் இருப்பாங்க? அதனால 1860-களில் வகுப்பையே தமிழுக்கு மாத்தினார். அதுக்கு முதல்ல அவர் தமிழ் கத்துக்கிட்டார்.

பாடப்புத்தகம்? அதையும் அவரே தயார் பண்ண வேண்டியிருந்தது. 1852-லேயே உடற்கூறு பற்றிய 'அங்காதிபாதம்' அச்சாகியிருந்தது. பிறகு, அறுவை சிகிச்சைக்கு 'இரண வைத்தியம்', வேதியியலுக்கு 'கெமிஸ்தம்'னு அடுத்தடுத்து வந்தன. மாணவர்களும் மொழிபெயர்ப்பாங்க, கிரீன் வரி வரியா சரிபார்ப்பார். அதாவது, புத்தகம் உருவாகுறதே அவங்களுக்கு ஒரு பாடம்!

கலைச்சொல்லுக்கு அவர் வெச்சிருந்த வழி ரொம்ப சிம்பிள். முதல்ல தமிழ்ல சொல் இருக்கான்னு பாரு. இல்லைன்னா சம்ஸ்கிருதம். அங்கேயும் இல்லைன்னா, ஆங்கிலச் சொல்லையே தமிழ் ஓசைக்கு ஏத்த மாதிரி எழுது. 'கெமிஸ்ட்ரி' 'கெமிஸ்தம்' ஆனது அப்படித்தான். கூடவே, அருஞ்சொற்களுக்குப் பட்டியலும் போட்டார். இன்னைக்கு ஹெல்த் இன்ஃபர்மேட்டிக்ஸ் படிக்கிறவங்க, ஒரே நோய்க்கு எல்லா ஆஸ்பத்திரியிலும் ஒரே பெயர் இருக்கணும்னு பாடுபடுறாங்க இல்லையா? அதுக்கு முன்னோடியான வேலை இது.

இன்னொரு விஷயம்… மருத்துவம் படிச்சதும் மாணவர்கள் ஐரோப்பியர் மாதிரி மாறிடுறது அவருக்குப் பிடிக்காது. தமிழ் உடை, தமிழ் வாழ்க்கையோடவே இருக்கணும்னு விரும்பினார். நோயாளிக்கு அந்நியமா தெரியுற டாக்டர், பாதி டாக்டர்தானே!

அவர்கிட்ட படிச்சு டாக்டர் ஆனவங்க 60-க்கும் மேல. 1873-ல் உடல்நலம் குன்றி ஊர் திரும்பினார். ஆனாலும், கப்பல்ல கையெழுத்துப் பிரதிகள் போறதும் வர்றதுமா இருந்தன. உடலியங்கியல் நூலான 'மனுஷ சுகரணம்' 1883-ல் வெளியானது. அடுத்த வருஷமே கிரீன் காலமானார். தமிழர்களுக்கான மருத்துவ ஊழியர்னு தன் நினைவுக்கல்லில் பொறிக்கணும்ங்கிறதுதான் அவரோட ஆசை.

அவருக்குப் பிறகு அந்தத் தமிழ் வகுப்புகள் நீடிக்கலை. ரிப்போர்ட்டை நொடியில அனுப்ப இன்னைக்கு செயலி இருக்கு. அம்மா கேட்கிற கேள்விக்குத் தமிழ்ல பதில் சொல்ற வேலை மட்டும் இன்னும் பாக்கி. நீங்க நர்ஸிங், ஃபார்மஸி, ஐ.டி-னு எதைப் படிச்சாலும், அதுல உங்களுக்கும் ஒரு பங்கு இருக்கு!