மருத்துவ அன்னை ஐடா ஸ்கடர்

தமக்கென வாழாது, எளிய மக்களின் உயிர்காக்க உழைத்த சான்றோருள் வேலூர் ஐடா ஸ்கடர் அம்மையார் ஒருவர். அவர்தம் வரலாறு நம் இளைஞர் அனைவரும் அறியத்தக்கது.

அம்மையார் 1870 டிசம்பர் 9 அன்று இராணிப்பேட்டையில், அமெரிக்க மருத்துவ ஊழியக் குடும்பத்தில் பிறந்தார். பாட்டனாரும் தந்தையாரும் மருத்துவர்கள். ஆயினும் இளமையில் அவருக்கு அப்பணியில் நாட்டமில்லை. நோயுற்ற தாயாரைப் பேணத் திண்டிவனம் வந்திருந்தபோது, ஓரிரவு மூவர் ஒருவர்பின் ஒருவராக வந்து, பேறுகால வேதனையில் தவிக்கும் தம் மனைவியரைக் காக்க வேண்டினர். அம்மையாரோ மருத்துவம் கல்லாதவர். தந்தையாரோ ஆண்மகன்; ஆண் மருத்துவரை ஏற்க அந்நாளைய வழக்கம் இடந்தரவில்லை. பொழுது புலருமுன் மூன்று பெண்களும் மாண்டனர். அவர்களைக் கொன்றது நோய் மட்டுமன்று, வழக்கமும் ஆகும் என்று உணர்ந்த அம்மையார், மருத்துவம் பயில உறுதிபூண்டார்.

1899-இல் கார்னெல் பல்கலைக்கழகத்தில் பட்டம் பெற்று, 1900-இல் வேலூரில் ஒரே படுக்கையுடன் பணி தொடங்கினார். 1902-இல் 40 படுக்கைகள் கொண்ட மருத்துவமனை எழுந்தது. நோயாளர் தம்மைத் தேடி வரட்டும் என்று அவர் வாளா இருந்தாரல்லர். முதலில் மாட்டுவண்டியிலும் பின்னர் மோட்டார் வண்டியிலும் சிற்றூர்களை நாடிச் சென்று, சாலையோர மரநிழலில், சாதி வினவாது மருந்தளித்தார்.

தாம் ஒருவரே எத்துணை உயிர்களைக் காக்க இயலும்? இந்நாட்டுப் பெண்களே மருத்துவராதல் வேண்டும் எனக் கருதி, 1909-இல் செவிலியர் பயிற்சியும், 1918-இல் மகளிர் மருத்துவப் பள்ளியும் தொடங்கினார். மாணவியர் கிடைப்பரோ என ஐயுற்றோர் நாண, 1922-இல் முதற்குழுவினர் 14 பேரும் தேர்ச்சியுற்றனர். பின்னாளில் பட்டப்படிப்பாக உயர்த்தாவிடில் பள்ளியே மூடப்படும் நிலை நேர்ந்தது. எழுபது வயதிலும் அம்மையார் அமெரிக்கா சென்று பொருள் திரட்டினார். 1942-இல் அது பட்டப்படிப்புக் கல்லூரியாயிற்று. 1947-இல் ஆடவரும் சேர்க்கப்பெற்றனர். 1960 மே மாதத்தில் கொடைக்கானலில் அம்மையார் மறைந்தார்.

இளைஞர்காள்! அயலார் ஒருவர் நமக்குச் செய்யத்தக்க பேருதவி, மருந்தளிப்பதனினும் மருத்துவ அறிவையே நம் கையில் அளிப்பதாகும். படகேறிக் கரைசேர்ந்தே மருத்துவரைக் காணவேண்டிய ஊர்கள் நம் பழவேற்காட்டு ஏரியில் இன்றும் உள்ளன. மீஞ்சூர் வட்டாரத்துச் சேரிகளிலும் மீனவர் குப்பங்களிலும் இருளர் குடியிருப்புகளிலும் பிறந்த நம் பெண்மக்களைச் செவிலியராகவும் மருத்துவராகவும் ஆக்குவோம். அதுவே அம்மையாருக்கு நாம் செலுத்தும் நன்றிக்கடன்.