இருபத்திரண்டு வயதில் மறைந்த ஆசிரியர்

நம்மில் பலரும் பேருந்தில் போகும்போது அந்த மதிலைப் பார்த்திருப்போம். பார்க் தெருவும் ஆசார்ய ஜகதீச சந்திர போஸ் சாலையும் கூடும் முனைக்கு அருகே, பாசி படிந்த பழஞ்சுவர் ஒன்று நீண்டு செல்கிறது. உள்ளே இருப்பது 1767-ஆம் ஆண்டில் திறக்கப்பட்ட கல்லறைத் தோட்டம். பார்க் தெருவுக்கே ஒரு காலத்தில் இடுகாட்டுச் சாலை என்றுதான் பெயர். இன்று அங்கே தின்பண்டக் கடைகளுக்கும் கூட்டத்துக்கும் குறைவில்லை. பெயர்க் காரணத்தை யார் நினைக்கிறார்கள்?

ஊரிலிருந்து வருகிறவர்களுக்கு நாம் காளி கோயிலைக் காட்டுவோம். விக்டோரியா மண்டபத்தைக் காட்டுவோம். ஹௌரா பாலத்தில் ஒரு முறை நடத்திக் கூட்டிக்கொண்டு வருவோம். சென்ற குளிர்காலத்தில் என் தாய்மாமா வந்திருந்தார். தமிழாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். அந்த மூன்றையும் பார்த்து முடித்த பிறகு, இந்த ஊரில் படித்தவர்கள் யாராவது இருந்தார்களா, அவர்களைக் காட்டு என்றார். படித்தவர்கள் படுத்திருக்கும் இடம் ஒன்று உண்டு என்று சொல்லி, மாமாவை அந்த மதிலுக்குள் அழைத்துச் சென்றேன்.

உள்ளே போனால் கோபுரங்களைப்போல உயர்ந்த கல்லறைகள். எல்லாவற்றையும்விட உயரமானது சர் வில்லியம் ஜோன்ஸின் கல்லறை. வடமொழியும் கிரேக்கமும் இலத்தீனும் ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள் ஆகலாம் என்று உலகுக்கு எடுத்துச் சொன்ன அவர் 1794-இல் மறைந்தார். இந்துக்களின் பழக்கவழக்கங்களில் ஊறிப்போன தளபதி சார்லஸ் ஸ்டூவர்ட்டின் கல்லறை கோயில் போலவே கட்டப்பட்டிருக்கிறது. மாமா இவற்றையெல்லாம் வியந்து பார்த்தார். ஆனால் நான் அவரை அழைத்துப் போனது, உயரத்தில் இவற்றோடு போட்டியிட முடியாத வேறொரு கல்லறைக்கு. அங்கே உறங்குபவர் ஹென்றி லூயி விவியன் டெரோஸியோ. பிறந்தது 1809 ஏப்ரல் 18. இறந்தது 1831 டிசம்பர் 26. மாமா விரல்விட்டு எண்ணிப் பார்த்தார். பிறகு என்னைத் திரும்பிப் பார்த்து, இவர் உன்னைவிட ஒரு வயது இளையவர் அல்லவா என்றார்.

அந்தக் கேள்விதான் என்னை இதை எழுத வைத்தது.

டெரோஸியோ பிறந்தது கல்கத்தாவின் எண்டாலிப் பகுதியில். கல்லறையிலிருந்து நடந்தே போய்விடலாம். தந்தை போர்த்துக்கீசிய வழிவந்த குடும்பத்தினர். ஒரு வணிக நிறுவனத்தில் பணி செய்தவர். தாய் ஆங்கில மாது. மகன் சிறுவனாய் இருக்கும்போதே மறைந்துவிட்டார். இத்தகைய கலப்புக் குடும்பத்தினரைக் கிழக்கிந்தியர் என்று அந்நாளில் அழைத்தார்கள். ஆங்கிலேயன் அவர்களைத் தன்னவர் என்று கொள்ளவில்லை. இந்துவும் முஸ்லிமும் அயலார் என்றே எண்ணினார்கள். அப்படி இரு பக்கத்தாராலும் ஒதுக்கப்பட்ட ஒருவர்தான் இந்தியாவைத் தம் தாய்நாடு என்று விளித்து ஆங்கிலத்தில் கவிதை எழுதினார். இந்த நாட்டைச் சொந்த நாடு என்று பாடிய முதல் ஆங்கிலக் கவிதைகளுள் ஒன்றாக அதை எண்ணுகிறார்கள்.

படித்தது தர்மதலாவில் டேவிட் டிரம்மண்ட் என்ற ஸ்காட்லாந்துக்காரர் நடத்திய பள்ளியில். டிரம்மண்டே கவிஞர், எதையும் ஆராய்ந்து ஏற்க வேண்டும் என்ற கொள்கையினர். பதினான்கு வயதோடு டெரோஸியோவின் பள்ளிப்படிப்பு முடிந்தது. அதன் பின் கல்லூரிப் படியையே அவர் மிதிக்கவில்லை, மாணவராக! சிறிது காலம் தந்தையின் அலுவலகத்தில் எழுத்து வேலை. பிறகு பாகல்பூர்ப் பக்கம் அவுரித் தோட்டம் வைத்திருந்த உறவினரிடம் போய்ச் சேர்ந்தார். அங்கே கங்கை நடுவில் ஒரு பாறைத் தீவு உண்டு. சுல்தான்கஞ்சில் இன்றும் அதைக் காணலாம். அந்தப் பாறையைக் களமாக வைத்து அவர் எழுதிய நெடுங்கவிதையே ஜங்கீராவின் பக்கிரி. சிதையில் ஏற்றப்பட இருந்த இளம் விதவை ஒருத்தி மீட்கப்படும் கதை அது. நூலாக வந்த ஆண்டு 1828. உடன்கட்டை ஏறும் கொடுமையைப் பெண்டிங் பிரபு சட்டத்தால் தடுத்தது 1829 டிசம்பரில். சட்டம் வருமுன்பே பத்தொன்பது வயதுப் பிள்ளை ஒருவர் அதைப் பற்றி எழுதிவிட்டார்.

இதற்கிடையில் 1826-இல் இந்துக் கல்லூரி அவரை ஆசிரியராக அமர்த்திக்கொண்டது. வயது பதினேழு. இந்துக் கல்லூரி 1817-இல் தொடங்கப்பட்டது. பின்னாளில் பிரசிடென்சிக் கல்லூரியாகி, 2010-இல் பல்கலைக்கழகமாகியது. நம்மில் சிலர் படிக்கும் இடம். ஆங்கில இலக்கியமும் வரலாறும் அவர் பாடங்கள். மாணவர்களில் சிலர் அவரைவிட நான்கைந்து வயதே இளையவர்கள். பாடவேளை முடிந்த பிறகும் அவரைச் சுற்றிக் கூட்டம் இருக்குமாம். வகுப்பில் இடம் போதவில்லை என்று 1828-இல் ஒரு விவாதக் கழகத்தையே தொடங்கினார். மாணிக்தலாவில் ஒரு தோட்ட வீட்டில் அது கூடியது. விதி உண்டா, கடவுள் உண்டா, உருவ வழிபாடு சரியா, நாட்டுப்பற்று என்பது யாது என்றெல்லாம் பிள்ளைகள் எழுந்து நின்று பேசினார்கள். கடிகார வணிகராக வந்து கல்வித் தொண்டராக மாறிய டேவிட் ஹேர் அங்கே வந்து உட்கார்ந்து கேட்பதுண்டு.

1830-இல் மாணவர்கள் பார்த்தினான் என்ற பெயரில் ஓர் இதழ் வெளியிட்டார்கள். ஒரே இதழ்! இரண்டாவது வெளிவராமல் கல்லூரி நிருவாகத்தார் தடுத்துவிட்டார்கள். நம் மலரின் ஆசிரியர் குழுவினர் இதைப் படிக்கும்போது தங்களுக்குள் சிரித்துக்கொள்வார்கள் என்று நினைக்கிறேன்.

பிள்ளைகளின் பேச்சு வீட்டுக்குள் நுழைந்தபோது பெற்றோர் அஞ்சினார்கள். சந்தியா வந்தனம் செய்ய உட்கார்ந்தவன் ஹோமரை ஓதுகிறான் என்று ஊரில் கதை பரவியது. ரசிக் கிருஷ்ண மல்லிக் நீதிமன்றத்தில் கங்கை நீரின்மேல் ஆணையிட மறுத்து, அது புனிதமானது என்று தாம் நம்பவில்லை என்று சொன்னாராம். மகன் கெட்டான், குலம் கெட்டது, காரணம் அந்த டெரோஸியோ! இப்படி எழுந்த கூக்குரல் 1831 ஏப்ரல் 23-ஆம் நாள் கல்லூரி நிருவாகக் குழுவின் முன் தீர்மானமாக வந்து நின்றது.

அந்தக் கூட்டத்தைப் பற்றிச் சிறிது விரித்தே சொல்ல வேண்டும். குழுவின் முன் வைக்கப்பட்ட கேள்விகள் இரண்டு. இளைஞரின் கல்வியை ஒப்படைக்கத் தகாதவரா டெரோஸியோ என்பது முதற் கேள்வி. தகாதவர் என்று சொல்லப் பெரும்பான்மை கிடைக்கவில்லை. டேவிட் ஹேர் அவரைச் சிறந்த ஆசிரியர் என்றார். வடமொழி அறிஞர் வில்சனும் அவர்மேல் குற்றம் காணவில்லை. அப்படியானால் விட்டுவிட வேண்டியதுதானே? இல்லை. ஊரில் இப்போதுள்ள மனநிலையில் அவரை நீக்குவது உசிதமா என்பது இரண்டாவது கேள்வி. அதற்குப் பெரும்பான்மை கிடைத்துவிட்டது. இந்துக்களின் மனநிலையைப் பற்றியது ஆகையால் வில்சனும் ஹேரும் அதில் வாக்களிக்காமல் ஒதுங்கிக்கொண்டார்கள். குற்றம் மெய்ப்பிக்கப்படவில்லை, தண்டனை மட்டும் வழங்கப்பட்டது. குற்றம் சாட்டப்பட்டவரை அழைத்து ஒரு வார்த்தை கேட்கவும் இல்லை.

நீக்க வேண்டும் என்ற ராம்கமல் சேனும் ராதாகாந்த தேவும் அறிவில்லாதவர்கள் அல்லர் என்பதையும் சொல்லிவிட வேண்டும். ராதாகாந்தர் மாபெரும் வடமொழி அகராதி ஒன்றைத் தொகுத்தவர். பிள்ளைகளைப் பெற்றோர் நிறுத்திவிட்டால் கல்லூரியே மூடப்படும் என்ற அச்சம் அவர்களுக்கு இருந்தது. அந்த அச்சம் எனக்கு நன்றாகவே புரிகிறது. ஏனென்றால் நானும் ஒரு நாள் அப்படிக் கை தூக்கியிருக்கிறேன்.

சென்ற ஆண்டு நம் சங்கத்தின் விவாத வட்டம் நின்றுபோனது உங்களுக்குத் தெரியும். ஒரு நண்பர் கொடுத்த தலைப்பு, சங்கத்துக்கு நன்கொடை தரும் பெரியவர்கள் சிலருக்குப் பிடிக்கவில்லை. குழு கூடிற்று. தலைப்பில் தவறு இருக்கிறதா என்று கேட்டபோது, இல்லை என்றே நான் சொன்னேன். இப்போதைக்கு வேண்டாம் என்பவர்கள் கை தூக்குங்கள் என்றபோது தூக்கினேன். அந்த நண்பர் அன்று கூட்டத்துக்கு அழைக்கப்படவில்லை. அதன் பிறகு அவர் சங்கத்துக்கு வருவதில்லை. இந்துக் கல்லூரியின் இரண்டு கேள்விகளைப் படித்த இரவு எனக்கு உறக்கம் பிடிக்கவில்லை.

டெரோஸியோ ஏப்ரல் 25 அன்று பணியைத் துறந்தார். குற்றம் இன்னதென்று தமக்கு அறிவிக்கவில்லை, தம் பக்கத்தைக் கேட்கவுமில்லை என்பதை அவர் கடிதம் பணிவோடு, ஆனால் ஒளிவுமறைவின்றி எடுத்துரைத்தது. வில்சன் தனிமுறையில் மூன்று வினாக்களைக் கேட்டு எழுதினார். கடவுளை நம்புகிறீரா, பெற்றோருக்குப் பணிவது கடமை அன்று எனக் கற்பித்தீரா, உடன்பிறந்தார் தம்முள் மணப்பதைத் தவறில்லை என்றீரா? மூன்றாவதைக் கேட்கவே கூசுகிறது. ஊர் வாய் எந்த அளவுக்குப் போயிருந்தது என்பதற்கு அதுவே சான்று. மறுநாளே விடை போயிற்று. கடவுள் இல்லை என்று தாம் யாரிடமும் சொன்னதில்லை. ஹ்யூமின் ஐயங்களைக் கற்பித்ததோடு அவற்றுக்கு ரீடும் ஸ்டூவர்ட்டும் தந்த மறுப்புகளையும் கற்பித்ததாக விளக்கினார். ஒரு பக்கத்தை மட்டும் காட்டி மாணவரைப் பிடிவாதக்காரராக ஆக்குவது தம் வேலையன்று என்பது அவர் நிலை. பெற்றோரை மதிக்கும்படியே மாணவருக்குச் சொன்னதையும் எழுதினார். மூன்றாவது பழியை அறவே மறுத்தார்.

வேலை போனவர் சோர்ந்து உட்காரவில்லை. அதே ஆண்டு ஈஸ்ட் இந்தியன் என்ற நாளிதழைத் தொடங்கினார். தம் இனத்தாரின் உரிமைக்காக மேடைகளில் பேசினார். டிசம்பரில் காலரா கண்டது. பத்து நாள்கள்கூட முழுதாகத் தாங்கவில்லை.

உயிர்வேதியியல் படிக்கும் எனக்கு இந்த இடத்தில் ஒன்றைச் சொல்லாமல் இருக்க முடியாது. டெரோஸியோ இறந்த அதே 1831 டிசம்பர்க் கடைசியில், ஓஷாக்னசி என்ற இளம் மருத்துவர் இங்கிலாந்தில் காலரா நோயாளிகளின் இரத்தத்தை ஆராய்ந்து, நீரும் உப்பும் பெரிதும் குறைந்திருப்பதைக் கண்டு அறிவித்தார். இழந்த நீரையும் உப்பையும் திருப்பிக் கொடுத்தால் போதும்! பின்னாளில் அவரே கல்கத்தாவில் வந்து பணியாற்றினார். காலராக் கிருமியை ராபர்ட் காக் 1884-இல் இதே நகரில் ஆராய்ந்தார். அந்தக் கிருமி உண்டாக்கும் நச்சை 1959-இல் மெய்ப்பித்தவர் இதே நகரத்து சம்புநாத் தே. உப்பும் சர்க்கரையும் கலந்த நீரைக் குடிக்கக் கொடுத்தே ஏராளமானோரைப் பிழைக்க வைக்க முடியும் என்பதை 1971-இல் போங்காவ் அகதி முகாமில் செய்து காட்டிய திலீப் மஹலாநபிஸும் இந்த நகரத்து மருத்துவரே. டேவிட் ஹேரும் 1842-இல் காலராவில்தான் போனார். கிறித்தவ இடுகாட்டில் அவருக்கு இடம் கிடைக்கவில்லை; அவர் கல்லறை கல்லூரிச் சதுக்கத்தில் இருக்கிறது.

டெரோஸியோவுக்கு நினைவுச் சின்னம் எழுப்ப உடனே பணம் திரட்டத் தொடங்கினார்கள்; ஆனால் அது அப்போது எழவில்லை. அவர் மாணவர்களோ நகரெங்கும் நிமிர்ந்து நின்றார்கள். ராம்தனு லாஹிரி 1851-இல் தம் பூணூலைக் களைந்தார். பியாரி சந்த் மித்ரா பேச்சு வழக்கில் வங்காளி உரைநடைக் கதை எழுதினார். எனக்கு மிகவும் பிடித்தவர் ராதாநாத் சிக்தார். ஆசிரியர் நோயில் கிடந்த அந்த டிசம்பரில்தான், திங்களுக்கு 30 ரூபாய்ச் சம்பளத்தில் நில அளவைத் துறையில் கணக்கிடுபவராகச் சேர்ந்தார். நம் பரங்கிமலையருகே 1802-இல் லாம்டன் தொடங்கிய அதே பேரளவைதான் வடக்கே வளர்ந்து இமயத்தைத் தொட்டது. பதினைந்தாம் சிகரமே உலகில் உயர்ந்தது என்று 1852-இல் கணக்கிட்டுக் கண்டவர் சிக்தார். பெயரை மட்டும் எவரெஸ்டுக்குக் கொடுத்துவிட்டார்கள். அளவைத் துறைக் கூலியாட்களிடம் ஊதியமின்றி வேலை வாங்கிய வெள்ளைக்கார மாஜிஸ்திரேட்டை எதிர்த்ததற்காக 1843-இல் இதே சிக்தார் 200 ரூபாய் அபராதம் கட்டினார் என்பதைக் கணக்குப் புத்தகங்கள் சொல்வதில்லை.

மாமா அன்று கல்லறையருகே நெடுநேரம் நின்றார். உதிர்ந்து கிடந்த இலைகளைக் கையாலேயே ஒதுக்கினார். திரும்பும் வழியில் டிராமில், அந்தக் குழுவில் கை தூக்கியவர்களின் பெயர்களை ஒன்றுவிடாமல் கேட்டுத் தெரிந்துகொண்டார். சென்ற ஆண்டுக் கதையை அவரிடம் நான் சொல்லவில்லை. ஊருக்குப் போன பிறகு கடிதத்தில் எழுதினேன்.

விவாத வட்டத்தை மீண்டும் தொடங்க வேண்டும் என்றும், முதற் கூட்டத்துக்கு நின்றுபோன அந்தத் தலைப்பையே வைக்க வேண்டும் என்றும் செயலாளருக்கு எழுதிக் கொடுத்திருக்கிறேன். அந்த நண்பரின் விடுதி அறைக்கும் இரண்டு முறை போனேன், பூட்டியிருந்தது. இந்தக் கட்டுரை அச்சுக்குப் போகும் வரை செயலாளரிடமிருந்தும் விடை வரவில்லை.