சங்கிலியைக் கழற்றிய கை யாருடையது?

(இரண்டாம் ஆண்டு, இயந்திரவியல்)

பொது அறிவுப் புத்தகங்களில் ஒரு வரி வரும். மனநோயாளிகளைச் சங்கிலியிலிருந்து விடுவித்தவர் பிரான்சு நாட்டு டாக்டர் பிலிப் பினேல் என்று. போட்டித் தேர்வுக்குப் படிக்கிறவர்கள் அதை மனப்பாடம் செய்துவிட்டு அடுத்த கேள்விக்குப் போய்விடுவார்கள். நான் கொஞ்சம் நின்று, அந்த மனிதரைப் பற்றித் தேடிப் படித்தேன். அந்த வரி முழு உண்மை இல்லை என்று தெரிந்தது. ஆனால் அதனால் பினேல் மேல் எனக்கு மரியாதை குறையவில்லை, கூடிவிட்டது!

பினேல் 1745ஆம் வருடம் ஏப்ரல் 20ஆம் தேதி தெற்குப் பிரான்சில் பிறந்தார். வைத்தியர் குடும்பம். முதலில் சாமியாராகப் போவதற்கான படிப்பு படித்தார். அதைப் பாதியில் விட்டுவிட்டு மருத்துவத்துக்கு மாறி, 1773இல் துலூஸ் நகரில் பட்டம் வாங்கினார். பிறகு மோன்பெலியே நகரில் நான்கு வருடம் மேல் படிப்பு. 1778இல் பெரிய கனவோடு பாரிசுக்கு வந்தார். அங்கேதான் வந்தது வினை. வெளியூர்க் கல்லூரிப் பட்டம் பாரிசில் செல்லாது என்று சொல்லிவிட்டார்கள்! டாக்டருக்குப் படித்தவர் கிட்டத்தட்ட 15 வருடம் பிள்ளைகளுக்குக் கணக்கு சொல்லிக் கொடுத்தும், மருத்துவப் புத்தகங்களை மொழிபெயர்த்தும், பத்திரிகை நடத்தியும் வயிறு கழுவினார். ஏழை மருத்துவர்களுக்கான போட்டியிலும் தோற்றார். என்ன படிக்கிறே என்று கேட்டுவிட்டு, டிப்ளமோவா என்று இழுக்கிறவர்களைப் பார்த்திருக்கிற நமக்குப் பினேலின் அந்த 15 வருடம் நன்றாகவே புரியும்.

அந்தச் சமயத்தில் அவருடைய நண்பர் ஒருவருக்கு மனநோய் வந்தது. வீட்டை விட்டுக் காட்டுக்குள் ஓடியவர் பிணமாகத்தான் கிடைத்தார். அதுதான் பினேலை இந்த நோயின் பக்கம் திருப்பியது என்கிறார்கள். பெலோம் என்ற தச்சர் ஒருவர் பாரிசில் நடத்தி வந்த தனியார் விடுதியில் மனநோயாளிகளைக் கவனிக்கும் வேலையை எடுத்துக்கொண்டார்.

பிறகு பிரெஞ்சுப் புரட்சி வந்தது. 1793 ஜனவரியில் அரசனின் தலை உருண்டது. அதே வருடம் பினேலுக்குப் பிசேத்ர் என்ற இடத்தில் மருத்துவர் பதவி கிடைத்தது. பிசேத்ர் பாரிசுக்குத் தெற்கே இருந்தது. பெயருக்குத்தான் மருத்துவமனை. வயதானவர், அனாதை, குற்றவாளி, நோயாளி என்று ஆயிரக்கணக்கானவர்களை அடைத்து வைத்திருந்தார்கள். கில்லட்டின் இயந்திரத்தைப் பிணங்களை வைத்து முதலில் சோதித்துப் பார்த்ததும் இங்கேதான், 1792இல். இதற்கு நடுவில் மனநோயாளிகள் ஏறக்குறைய 200 ஆண்கள். பலர் காலில் சங்கிலி. அந்தக் காலத்து வைத்தியம் என்றால் ரத்தத்தை எடுப்பது, பேதிக்குக் கொடுப்பது, அடங்காவிட்டால் கட்டிப்போடுவது. அவ்வளவுதான்.

இந்த இடத்தில்தான் நம்ம கதையின் இரண்டாவது ஆள் வருகிறார். ழான் பாப்திஸ்த் புஸ்ஸேன். தோல் பதனிடும் தொழிலாளி. 1771இல் கழுத்தில் கண்டமாலைக் கட்டிகளோடு நோயாளியாகப் பிசேத்ருக்கு வந்தவர். குணமான பிறகு அங்கேயே வேலைக்குச் சேர்ந்து, படிப்படியாக மனநோயாளிகள் பிரிவின் மேற்பார்வையாளர் ஆகிவிட்டார். மருத்துவப் படிப்பு என்று ஒரு நாள்கூடப் படித்ததில்லை. அவர் மனைவி மர்கெரித்தும் கூடவே வேலை பார்த்தார்.

புஸ்ஸேன் போட்ட முதல் சட்டம், நோயாளியை யாரும் அடிக்கக் கூடாது. அடித்த காவலாளிக்கு வேலை போய்விடும். இன்னொரு காரியமும் செய்தார். குணமான நோயாளிகளையே காவலாளிகளாக வைத்தார். தான் பட்ட வேதனை தெரிந்தவன் இன்னொருவனை அடிக்க மாட்டான் என்ற கணக்கு. எவன் எப்போது கத்துகிறான், எதைச் சொன்னால் அடங்குகிறான், எவனுக்கு எந்தப் பருவத்தில் நோய் ஏறுகிறது என்று எல்லாம் அவருக்கு அத்துப்படி.

பட்டம் வாங்கிய டாக்டர் பினேல் என்ன செய்தார் தெரியுமா? இந்தத் தோல் தொழிலாளியிடம் பாடம் கேட்டார்! தினமும் அந்தப் பிரிவுக்குப் போய் உட்கார்ந்து, பார்த்ததையும் புஸ்ஸேன் சொன்னதையும் நோட்டில் குறித்துக்கொண்டார். எங்கள் வீட்டில் முதலில் காலேஜ் படி ஏறியவன் நான். அப்பா கொத்தனார், கையெழுத்து மட்டும் போடுவார். ஆனால் தூக்குக்குண்டு வைக்காமலே சுவர் சாய்ந்திருக்கிறதா என்று கண்ணால் சொல்லிவிடுவார். அப்படிப்பட்டவரிடம் நோட்டும் பேனாவுமாக வந்து உட்கார்ந்த ஒரு எஞ்சினியரை நான் இதுவரை பார்த்ததில்லை. அதனால்தான் பினேல் எனக்குப் பெரிய மனிதராகத் தெரிகிறார்.

அவர்கள் இரண்டு பேரும் சேர்ந்து பார்த்த வைத்தியம் எப்படி இருந்தது? மெக்கானிக்கல் மாணவர்களுக்குப் பிடித்த ஒரு உதாரணம் சொல்கிறேன். கடிகாரம் செய்யும் தொழிலாளி ஒருவர். தானே ஓயாமல் ஓடும் நிரந்தர இயக்க இயந்திரம் ஒன்றைச் செய்தே தீருவேன் என்று தூக்கம் கெட்டார். புரட்சிக் காலத்துப் பயமும் சேர்ந்துகொள்ள, புத்தி பிசகிவிட்டது. தன் தலையைக் கில்லட்டினில் வெட்டிவிட்டார்கள், பிறகு மனசு மாறித் திருப்பிக் கொடுக்கும்போது வேறு எவனுடைய தலையையோ மாற்றி வைத்துவிட்டார்கள் என்று நம்ப ஆரம்பித்தார். பல்லைக் காட்டி, இது என் பல்லே இல்லை என்று சண்டை போடுவாராம்!

பிசேத்ரில் அவரைக் கட்டிப்போடவில்லை. நடமாட விட்டார்கள். வீட்டிலிருந்து கருவிகளை வரவழைத்து, தங்கிய இடத்திலேயே சின்னப் பட்டறை போட்டுக் கொடுத்தார்கள். செய்யப்பா உன் இயந்திரத்தை என்று விட்டுவிட்டார்கள். அது ஓடாது என்று நமக்குத் தெரியும். உராய்வு இருக்கும் வரை வெளியிலிருந்து சக்தி கொடுக்காமல் எந்த இயந்திரமும் நிற்காமல் ஓடாது. சில வாரம் ராப்பகலாக உழைத்து, கடைசியில் அவருக்கே அலுத்துப்போய் அந்த ஆசை விட்டது. மிச்சம் இருந்தது தலை விஷயம். குணமாகி வந்த, கேலிப் பேச்சில் கெட்டிக்காரனான இன்னொரு நோயாளியை ஏற்பாடு செய்தார்கள். அவன் போய்ப் புனித தெனி கதையை எடுத்தான். வெட்டுப்பட்ட தன் தலையைத் தானே கையில் தூக்கிக்கொண்டு முத்தமிட்டபடி நடந்தார் என்று சொல்லப்படும் புனிதர். கடிகாரக்காரர் அது உண்மைதான் என்று வாதாட, தலை கையில் இருக்கும்போது எதால் முத்தமிட்டார், குதிகாலாலா என்று கேட்டு விழுந்து விழுந்து சிரித்தான். கடிகாரக்காரர் பதில் சொல்ல முடியாமல் எழுந்து போய்விட்டார். அதன் பிறகு தலையைப் பற்றிப் பேசவே இல்லை. பழைய தொழிலைப் பார்த்துக்கொண்டிருந்து வீடு போய்ச் சேர்ந்தார்.

எல்லாக் கதையும் இப்படி முடியவில்லை. தையற்காரர் ஒருவர், அரசனுக்குக் கொடுத்த தண்டனையைப் பற்றி வாய் தவறி ஏதோ சொல்லிவிட்டார். தன்னையும் வெட்டப் போகிறார்கள் என்ற பயத்தில் சோறும் தூக்கமும் இல்லை. பினேல் அவருக்குத் துணி தைக்கும் வேலை வாங்கிக் கொடுத்தார். ஊசியைக் கையில் எடுத்ததும் ஆள் தெளிந்தார். பிறகு பயம் மறுபடி தலைதூக்கியபோது, நீதிபதிகள் போல வேஷம் போட்டவர்களை வரவழைத்து, குற்றம் இல்லை என்று தீர்ப்புச் சொல்ல வைத்தார். நன்றாகத்தான் இருந்தது. எவனோ ஒருவன் அது எல்லாம் நாடகம் என்று போட்டு உடைத்துவிட்டான். மனிதர் பழையபடி ஆகிவிட்டார், மீளவே இல்லை. நோயாளியை ஏமாற்றிக் குணப்படுத்தலாமா என்ற கேள்வி எனக்கு இங்கே எழுகிறது. வேலை கொடுத்தது சரி, நாடகம் எனக்குப் பிடிக்கவில்லை.

இப்போது சங்கிலிக்கு வருவோம். 1795இல் பினேல், பெண்களுக்கான சல்பேத்ரியேர் மருத்துவமனைக்கு மாறிப் போனார். முன்பு வெடிமருந்துக்கு வெடியுப்பு தயாரித்த இடம் அது. பிசேத்ரில் சங்கிலியை நிறுத்தியது அதற்குப் பிறகு, 1797இல். நிறுத்தியவர் புஸ்ஸேன்! அவர் செய்து காட்டிய பிறகுதான் பினேல் சல்பேத்ரியேரிலும் நிறுத்தினார். 1802இல் புஸ்ஸேனையும் அங்கேயே வரவழைத்துக்கொண்டார். பினேல் தன் புத்தகத்தில் புஸ்ஸேனின் பெயரை மறைக்கவில்லை. மறைத்தது பின்னால் வந்தவர்கள். பினேலின் மகன் அப்பா பெருமையை எழுதியபோது, சங்கிலியைப் பினேலே அவிழ்த்த மாதிரி கதை வளர்ந்தது. ஓவியர்களும் அப்படியே வரைந்தார்கள்.

ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். சங்கிலி போன இடத்தில் கைகளைச் சேர்த்துக் கட்டும் முரட்டுச் சட்டை வந்தது. பச்சைத் தண்ணீரைத் தலையில் ஊற்றுவதும், மிரட்டுவதும் பினேல் காலத்திலும் இருந்தன. சங்கிலியும் உலகத்தை விட்டுப் போய்விடவில்லை. 2001 ஆகஸ்ட் 6 அன்று நம் ஏர்வாடியில் தீப்பிடித்தபோது, கட்டிப்போட்டிருந்தவர்கள் ஓட முடியாமல் கருகினார்கள். மொத்தம் 28 உயிர். எந்த விதத்திலும் மனநோயாளியைச் சங்கிலியால் கட்டக் கூடாது என்று இந்தியாவில் 2017ஆம் வருடச் சட்டம் சொல்கிறது.

பினேலின் புத்தகம் 1801இல் வந்தது. கணக்கு வாத்தியார் அல்லவா? ஆயிரத்துக்கும் மேற்பட்ட நோயாளிகளை எண்ணி, எத்தனை பேர் தேறினார்கள் என்று பட்டியல் போட்டும் காட்டினார். மனநோய்க்கு மாத்திரை அப்போது கிடையாது. அது 1952இல் அதே பாரிசில்தான் குளோர்புரோமசின் மூலம் தொடங்கியது. மருந்து வந்த பிறகும் பழக்கத்தை மாற்றும் வைத்தியம் நிற்கவில்லை. 1961இல் அமெரிக்காவில் இல்லினாய் மாநிலத்து ஆன்னா அரசு மருத்துவமனையில் அய்யோன், அஸ்ரின் என்ற இருவர், பல வருடமாக முடங்கிக் கிடந்த பெண் நோயாளிகளுக்கு டோக்கன் முறை கொண்டு வந்தார்கள். தலை வாரினால், வேலை செய்தால் டோக்கன். அதைக் கொடுத்து விருப்பமானதை வாங்கிக்கொள்ளலாம். பலர் எழுந்து நடமாடினார்கள். சோறு, படுக்கையையே டோக்கனுக்கு விற்கலாமா என்ற வழக்கும் பின்னால் எழுந்தது நியாயம்தான்.

பினேல் 1826 அக்டோபர் 25இல் இறந்தார். சல்பேத்ரியேர் வாசலில் 1885இல் அவருக்குச் சிலை வைத்தார்கள். புஸ்ஸேன் அதற்கு முன்பே, 1811இல் போய்விட்டார். நோயாளிகளைப் பற்றி அவர் எழுதிக் கொடுத்த குறிப்புகள் ஆவணக் காப்பகத்தில் தாளாகவே கிடந்து, 1979இல்தான் ஒரு மருத்துவ இதழில் வெளிவந்தன.