இடையன்குடிக் குருமனையும் கால்டுவெல் ஐயரும்

ஆங்கில நாட்டுச் சிற்றூர்களில் தேவாலயத்தை அடுத்து விளங்குவது குருவானவர் வாழும் குருமனையாகும். கல்லாலேனும் செங்கல்லாலேனும் எழுப்பப்பெற்று, கணப்பும் புகைபோக்கியும் நூலறையும் பூந்தோட்டமும் உடைய அம்மனைகள் பல, ஊரார் விளைவிற் பத்திலொரு பங்கைப் பெற்றுச் செழித்தவை. அத்தகைய வருவாயில்லாத நம் தென்னாட்டுச் செம்மணற் காட்டில், ஓர் எளிய குருமனையை உலகறியச் செய்த ராபர்ட் கால்டுவெல் ஐயரின் சரிதத்தை ஈண்டுச் சுருங்கக் கூறுவோம்.

ஐயர் 1814-ஆம் ஆண்டில் அயர்லாந்திற் பிறந்தார். கிளாஸ்கோ சர்வகலாசாலையிற் கற்று, 1838-ல் சென்னை சேர்ந்தார். 1841-ல் அங்கிருந்து கால்நடையாகவே புறப்பட்டு, சோழநாட்டையும் நீலகிரியையும் கண்டு, திருநெல்வேலிச் சீமையிலுள்ள இடையன்குடியை அடைந்தார். பனையன்றிப் பிற வளம் அருகிய அவ்வூரில் நிலம் வாங்கி, தெருக்களை நேராக வகுத்து, கிணறுகள் தோண்டுவித்து, நிழல் மரங்களும் வைத்தார். 1844-ல் அவரை மணந்த எலைசா அம்மையார் பெண்மக்களுக்குக் கல்வியும் சரிகைப் பின்னல் வேலையும் பயிற்றினார்.

1847-ல் ஐயர் தொடங்கிய தேவாலயம், கூர்நுனி வளைவுகள் பொருந்திய காதிக் முறையில் எழுந்து, 33 ஆண்டுகள் கழித்து 1880-ல் பிரதிஷ்டை பெற்றது. ஆலயத்திற்கு இத்துணை உழைத்தவர் தமக்கென மாளிகை நாடினாரல்லர். மனையின் அழகு சுவரில் அன்று, அதனுள் நிகழும் உழைப்பிலேயே உளதென்பதை அவர் வாழ்வு காட்டிற்று. இடையன்குடி வாழ்விற் பல்லாண்டு ஆராய்ந்து தொகுத்தவற்றின் பயனாக, 1856-ல் திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணம் வெளிவந்தது. தமிழும் அதன் இனமொழிகளும் வடமொழியிற் பிறந்தனவல்ல, தனிக்குடும்பமே என்பதை அந்நூல் விரிவாக நிறுவியது.

குறையொன்றும் ஈண்டு மறைத்தற்குரியதன்று. 1849-ல் சான்றோர் குலத்தாரைக் குறித்து அவர் வெளியிட்ட சிறுநூல், தாம் தொண்டாற்றிய மக்களையே புண்படுத்திற்று. பின்னர் அதனை அவர் விலக்கிக்கொண்டார். பிறர் வரலாற்றை எழுதுவோர் அவர் மானத்தையும் காத்தல் வேண்டுமென்பது இதனாற் பெறப்படும்.

1877-ல் அத்தியட்சராக அபிஷேகம் பெற்ற ஐயர், 1891 ஆகஸ்டு 28-ல் கோடைக்கானலில் உயிர்நீத்தார். அவர் உடல் இடையன்குடிக்குக் கொணரப்பட்டு, தாம் கட்டிய ஆலயத்திலேயே அடக்கம் செய்யப்பெற்றது. அவர் வாழ்ந்த இல்லத்தைத் தமிழ்நாட்டரசு புதுப்பித்து, 2011-ல் நினைவில்லமாகத் திறந்தது.

மாணவ நண்பர்காள்! தென்றிசை செல்லுங்கால் அம்மனையைக் கண்டு வருதல் நம் கடனாகும். ஆங்கு வியத்தற்குரிய சிற்பம் மிகுதியில்லை. அயலூரைத் தம்மூராக்கிக் கொண்ட ஒருவரின் அரை நூற்றாண்டு உழைப்பே அதன் அணியென்க.