சாம்பவர்வடகரை தந்த இசை ஆசிரியர்

சுரண்டைக்குப் பக்கத்தில் சாம்பவர்வடகரை என்ற ஊர் இருக்கிறது. சூரியகாந்தித் தோட்டங்களைப் பார்க்க வெளியூர்க்காரர்கள் வருவார்களே, அதே ஊர்தான். அங்கே 1859ஆம் ஆண்டு ஆகஸ்ட் 2ஆம் தேதி பிறந்தவர் ஆபிரகாம் பண்டிதர்.

திண்டுக்கல்லில் ஆசிரியர் பயிற்சி பெற்றார், வயலினும் கற்றார். பிறகு தஞ்சாவூரில் ஆசிரியராக இருந்தார். சித்த மருத்துவத்திலும் கெட்டிக்காரர். அவர் தயாரித்த மருந்துகள் நன்றாக விற்றன. அந்தப் பணத்தை என்ன செய்தார் தெரியுமா? இசைக்காகச் செலவழித்தார்!

அந்தக் காலத்தில் பாட்டு பழகும் தமிழ்ப் பிள்ளைகள் முதலில் படித்த கீதங்கள் பெரும்பாலும் வடமொழி, கன்னடம், தெலுங்கில் இருந்தன. பொருள் தெரியாமலே மனப்பாடம் செய்ய வேண்டும். பாவம் இல்லையா? பண்டிதர், பழகுபவர்களுக்காகத் தமிழிலேயே கீதங்கள் இயற்றினார். 1907இல் அவை புத்தகமாக வந்தன.

1912இல் தஞ்சாவூரில் ஒரு சங்கீத சங்கம் தொடங்கி, சொந்தச் செலவில் இசை மாநாடுகள் நடத்தினார். தம் மகள்களுக்கும் இசை கற்பித்தார். 1916இல் பரோடாவில் நடந்த அகில இந்திய இசை மாநாட்டில், சுருதி பற்றித் தந்தை சொன்ன கணக்கை மகள்கள் அறிஞர்கள் முன்னால் பாடியே காட்டினார்கள். பெண் பிள்ளைகள் மேடையேறத் தயங்கிய காலம் அது!

பல ஆண்டு ஆராய்ச்சியைக் கருணாமிர்த சாகரம் என்ற பெரிய நூலாக 1917இல் வெளியிட்டார். 1919இல் மறைந்தார்.

குழந்தைகளே, இனி ஒரு பாட்டுக் கற்கும்போது அதன் பொருளையும் ஆசிரியரிடம் கேளுங்கள். புரிந்து பாடினால் பாட்டு மறக்கவே மறக்காது!